கூரை குளித்த தண்ணீர்

அத்தியாயம் 14

பேரம் படிந்த பிறகுதான் சரக்கில் இருக்கும் ஓட்டை கண்ணில் படும். கடை வைத்திருப்பவர்களுக்கு இது பழகிப்போன விஷயம். குடும்பங்களுக்குத்தான் ஒவ்வொரு தடவையும் புதுசு.

அம்மா இரண்டு பக்கமும் நடையாய் நடந்து போன வாரம் முடித்துவைத்த ஒப்பந்தம் நினைவிருக்கும். சனிக்கிழமை மதியம் மாப்பிள்ளை சாப்பிட வருவார். மாமனார் எங்கும் போகாமல் வீட்டில் இருப்பார். பக்கவாட்டில் நீல நிறத் தண்ணீர் கேன் படம் போட்ட கடை வேனில் வந்து மாப்பிள்ளை வாசலில் இறங்கமாட்டார். பதிலுக்கு, ‘நிலத்தடி நீர்’ என்ற சொல்லை மாமனார் சாப்பாட்டு மேஜைக்குக் கொண்டுவரமாட்டார். மழை, வெயில், மூட்டுவலி, விலைவாசி ஆகியவற்றைத் தாராளமாகப் பேசலாம். யோசித்துப் பார்த்து, மழையையும் கடைசி நேரத்தில் அம்மா பட்டியலிலிருந்து அடித்துவிட்டாள்.

கல்யாணம் ஆனதிலிருந்து அந்த இரண்டு ஆண்களும் ஒரே மேஜையில் உட்கார்ந்ததில்லை. ஒருவர் ஊரெல்லாம் அலைந்து, பழைய வீடுகளின் முற்றத்துக்கு அடியில் மூடிக்கிடக்கும் மழைத்தொட்டிகளைத் திறக்கவைப்பவர். மற்றவர் பூமியில் துளை போட்டு எடுத்த தண்ணீரைச் சுத்தம் செய்து, கேனில் அடைத்து விற்பவர். மாப்பிள்ளையின் பிழைப்பு மாமனாருக்குப் பாவம். அந்தப் பாவத்தில்தான் மாமனாருடைய மகளுக்குச் சாப்பாடு.

அந்த மகள் ஒரு பள்ளிக்கூடத்தில் ஓவிய டீச்சர். அவளுக்கு வேண்டியது பெரிய சமாதானம் எல்லாம் இல்லை. அப்பாவும் கணவரும் ஒரு வேளை எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிட வேண்டும். “இன்னும் கொஞ்சம் போடட்டுமா?” என்று அவள் இரண்டு பேரையும் கேட்க வேண்டும். இதற்காகவே முன்கூட்டிப் பெட்டியோடு அம்மா வீட்டுக்கு வந்து, அப்பாவின் மனதைப் பதப்படுத்திக்கொண்டிருந்தாள்.

சனிக்கிழமை காலை வானம் கறுத்தது.

“அப்பா, எங்க கிளம்பறீங்க?”

செருப்பைத் தேடிக்கொண்டிருந்தவர் நிமிரவில்லை. தெருவில் அவருக்குச் சொட்டு சார் என்று பெயர். ஒரு சொட்டும் வீணாகக் கூடாது என்று மேடைக்கு மேடை முழங்கியதால் வந்தது. கேலியாகச் சூட்டினார்கள். அவர் அதைப் பட்டமாக வாங்கி மாட்டிக்கொண்டுவிட்டார்.

“முதல் மழைம்மா. இன்னைக்கு நான் நாலு வீட்டுக்காவது போயே ஆகணும். தொட்டி திறந்தவங்க எல்லாரும் புதுசு. என்ன செய்யறதுன்னு தெரியாம முழிச்சுக்கிட்டு நிப்பாங்க.”

“அவர் மதியம் வர்றாரு.”

“மதியம்தானே. மழை விட்டதும் ஓடி வந்துடறேன்.”

“வீட்டுல இருக்கறதுன்னு அம்மாகிட்ட ஒத்துக்கிட்டீங்க.”

“அந்த ஒப்பந்தத்துல மழைங்கற பேச்சே கிடையாதேம்மா. உங்க அம்மாதானே அடிச்சா.”

“இப்படியெல்லாம் பேசினா எப்படிப்பா?”

“கோவிச்சுக்காதே. மூணு மணிக்கு ஆய்வுக்கூடத்து அம்மா வேற தண்ணி எடுக்க வர்றாங்க. நான் வராம இருப்பேனா?”

அது இன்னொரு தலைவலி. நகரத்தில் பல பழைய பள்ளிக்கூடங்களுக்கு அடியிலும் இதே மாதிரித் தொட்டிகள் உண்டு. அவற்றைத் திறந்து பிள்ளைகளுக்குக் குடிக்கக் கொடுக்கலாமா என்று முடிவு செய்ய ஒரு குழு போட்டிருந்தார்கள். மாதிரிக்கு அந்தக் குழு எடுத்துக்கொண்டது சொட்டு சார் வீட்டுத் தொட்டியை. கோடை முழுக்கச் சோதித்தார்கள். எல்லாவற்றிலும் தேறியது. இன்று எடுப்பது கடைசி மாதிரி.

ஸ்கூட்டர் தெருமுனை திரும்பியதும் முதல் துளிகள் விழுந்தன.

சமையலை முடித்துவிட்டுப் பழம் வாங்கப் போயிருந்த அம்மா கடைத்தெருவில் மாட்டிக்கொண்டாள். வீட்டில் மகள் மட்டும். மேஜையைத் துடைத்தாள். தட்டுகளை வைத்தாள். யார் எங்கே உட்காருவது என்று இரண்டு தடவை மாற்றி வைத்தாள். அப்போதுதான் முற்றத்தில் அந்தச் சத்தம் கேட்டது.

மொட்டைமாடியில் விழும் மழை ஒரே குழாய் வழியாக முற்றத்துக்கு இறங்குகிறது. குழாயின் அடியில், கையால் திருப்பும்படி ஒரு வளைவு. ஒரு பக்கம் திருப்பினால் தண்ணீர் சாக்கடைக்குப் போகும். மறுபக்கம் திருப்பினால் ஜல்லியும் மணலும் கரியும் நிரப்பிய வடிகட்டிப் பெட்டியில் விழுந்து, தொட்டிக்குள் இறங்கும்.

வளைவு சாக்கடையைப் பார்த்து நின்றது. பருவத்தின் முதல் மழை மொத்தமும் கடகடவென்று அதில் போய்க்கொண்டிருந்தது.

எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரிந்த வயதிலிருந்து அப்பாவின் கூட்டங்களுக்குப் பலகை எழுதியவள் அவள்தான். ஒரு சொட்டும் வீணாகக் கூடாது. நீல வண்ணத்தில், கடைசி எழுத்தின் கீழே ஒரு துளி தொங்குவதுபோல. ஓவியம் படிக்கப் போனதே அந்தத் துளியை வரைந்து வரைந்துதான். அப்படிப்பட்டவள் கண்ணெதிரே தண்ணீர் சாக்கடைக்குப் போகிறது. அவசரத்தில் அப்பா திருப்ப மறந்துவிட்டார் என்றே நினைத்தாள்.

புடவையை இடுப்பில் செருகிக்கொண்டு மழையில் இறங்கினாள். வளைவு துருப்பிடித்து முரண்டு பிடித்தது. இரண்டு கையாலும் பிடித்து முறுக்கியதில் திரும்பியது. தண்ணீர் தொட்டிக்குள் இறங்கும் சத்தம் கனமாகக் கேட்டது. அதைக் கேட்டுக்கொண்டே கொஞ்ச நேரம் நனைந்தாள். அப்பா வந்ததும் சொல்லலாம். அவர் மறந்ததை நான் பார்த்துக்கொண்டேன் என்று, சாப்பாட்டு மேஜையில், கணவர் எதிரில்.

வடிகட்டிப் பெட்டி காலியாக இருந்ததை அவள் பார்க்கவில்லை. ஜல்லியையும் மணலையும் அலசி மாடி அறையில் காயப்போட்டிருந்தார் அப்பா. மழை வர இன்னும் சில நாள் ஆகும் என்பது அவர் கணிப்பு.

மழை சற்றுத் தணிந்தபோது ஆட்டோ வந்து நின்றது. பேச்சுவார்த்தைக்கு முதலில் போய் நிற்பவன் கை தாழ்ந்துவிடும் என்று ஒரு வியாபாரிக்குத் தெரியாமல் இருக்குமா? தெரிந்தும் மாப்பிள்ளை வெகு சீக்கிரமே வந்துவிட்டார். சட்டையில் மடிப்புக் கலையவில்லை. கையில் அத்தைக்கு ஒரு தைலப் புட்டி.

“உங்க அப்பா எங்க?”

“மழைக்குப் போயிருக்காரு.”

“சரியாப் போச்சு. நான் ஆட்டோவுல வந்தது வீணா?” என்று சிரித்துக்கொண்டே முற்றத்தைப் பார்த்தவர், சிரிப்பைப் பாதியில் நிறுத்தினார்.

புட்டியை மேஜைமேல் வைத்துவிட்டு நேரே மழைக்குள் இறங்கினார். வளைவைப் பிடித்து ஒரே முறுக்கில் சாக்கடைப் பக்கம் திருப்பினார்.

“என்னங்க பண்றீங்க? எல்லாம் வீணாப் போகுது.”

“போகட்டும். உள்ள திருப்பினது யாரு?”

“நான்தான். அப்பா மறந்துட்டாரு.”

“அவர் மறக்கல.” நெற்றியில் வழிந்ததைத் துடைத்துக்கொண்டார். “வெயில் காலம் முழுக்க மாடியில புறா, தூசி, சருகு, எல்லாம் சேர்ந்து கிடக்குதில்ல? முதல் மழை கூரை குளிக்கறதுக்கு. அது போன பிறகு வர்றதுதான் நமக்குக் குடிக்க. என் பிளான்ட்லகூட வடிகட்டி மாத்தினா முதல் தொட்டித் தண்ணியைத் திறந்து விட்டுடுவோம்.”

“ஒரு சொட்டும் வீணாகக் கூடாதுன்னுதானே அவர் சொல்வாரு.”

“அது பலகையில எழுதறது. மழை பலகை படிச்சுட்டா வருது?”

இரும்பு வளையத்தைப் பிடித்துத் தொட்டியின் மூடியைத் தூக்கினார். இருவரும் குனிந்தார்கள். மேலே சருகு மிதந்தது. கூடவே புறாக்கூண்டின் வாடை.

“போச்சா?” என்றாள் அவள்.

“கெட்டுப்போகல. மருந்து போட்டு, தெளியவிட்டு, கொஞ்ச நாள் பொறுத்தா சரியாயிடும். இன்னைக்கு எடுத்துச் சோதிச்சா தேறாது.”

“இன்னைக்குத்தான் எடுக்கறாங்க.”

மாப்பிள்ளை மூடியை மெல்ல இறக்கினார். “சரி, பதறாதே. மாமா வரட்டும். ரெண்டு பேருமாச் சொல்லலாம். தண்ணி விஷயம்தானே, தண்ணி தெரிஞ்ச மனுஷன்தானே. புரிஞ்சுக்குவாரு.”

வாசல் கதவு விரியத் திறந்திருந்தது. எதிர்வீட்டு ஜன்னலில் ஒரு தலை தெரிந்தது. அந்தத் தலைக்குரியவரைத் தெருவில் வானொலி என்பார்கள். பெட்டியை அணைக்கக் குமிழ் உண்டு, அவரை அணைக்க ஒன்றும் கிடையாது.

சொட்டு சார் வந்து ஸ்கூட்டரை நிறுத்துவதற்குள் ஒலிபரப்பு தொடங்கிவிட்டது.

“சார், மாப்பிள்ளை வந்தாச்சு போல. வந்ததும் வராததுமா உங்க குழாயைப் பிடிச்சு முறுக்கிக்கிட்டிருந்தாரே. நீங்க சொல்லித்தானா?”

“எந்தக் குழாயை?”

“எனக்கென்ன தெரியும் சார். கண்ணுல பட்டதைச் சொன்னேன். நல்ல மழை, இல்ல?”

அவர் வீட்டுக்குள் வந்தபோது ஒரு காலில்தான் செருப்பு இருந்தது. நேரே முற்றத்துக்குப் போனார். மூடியைத் தூக்கினார். குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தார். தண்ணீர் பால் விடாத தேநீர் நிறத்தில் இருந்தது. மாப்பிள்ளையும் மகளும் கூடத்து நிலைப்படியில் பக்கத்துப் பக்கத்தில் நின்றார்கள்.

“குழாயைத் தொட்டது யாரு?”

“மாமா, அதைப் பத்தித்தான் சொல்லலாம்னு...”

“தொட்டீங்களா, இல்லையா?”

“தொட்டேன். ஆனா...”

“போதும்.”

மூடியை இறக்காமல் திரும்பினார். மரியாதைக்கு இழுத்துப் பிடித்திருந்த ‘நீங்க’ அந்த இடத்தில் அறுந்தது.

“கணக்கு நல்லாத்தான் போட்டிருக்கே. பள்ளிக்கூடத்துக்குப் பள்ளிக்கூடம் தொட்டி திறந்தா, பள்ளிக்கூடத்துக்குப் பள்ளிக்கூடம் உன் கேன் வியாபாரம் படுத்துடும். இந்த ஒரு தொட்டி நாறினா போதும், உன் வண்டி ஓடிக்கிட்டே இருக்கும். அதுக்கு நாள் பார்த்து, சாப்பிட வர்ற மாதிரி வந்திருக்கே.”

“மாமா, நான் சொல்றதைக் கொஞ்சம்...”

“என் பொண்ணைக் கட்டினதும் இந்தக் கணக்குலதானா?”

மாப்பிள்ளை தலையைத் திருப்பி மனைவியைப் பார்த்தார். வியாபாரத்தில் பலரும் பலவிதமாகப் பேசி அவருக்குக் கேட்டுப் பழக்கம் உண்டு. அந்தப் பார்வையில் கோபம் இல்லை. காத்திருந்தார், அவ்வளவுதான்.

அவள் வாயைத் திறக்கத்தான் நினைத்தாள். நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. அப்பா இந்தக் குரலில் பேசி அவள் கேட்டதே இல்லை. இப்போது சொன்னால் அந்தக் குரல் தன் பக்கம் திரும்பும். கொஞ்சம் ஆறட்டும், ஆறியதும் சொல்லிவிடலாம், சொல்லாமலா விடப்போகிறோம் என்று தனக்குத்தானே தவணை கொடுத்துக்கொண்டாள். குனிந்து தரையைப் பார்த்தாள். அவளுடைய கால் விரல்களில் இன்னும் முற்றத்துச் சேறு இருந்தது.

ஏலத்தில் கடைசித் தட்டு விழுவதற்கு முன்னால் கையைத் தூக்க வேண்டும். விழுந்த பிறகு எவ்வளவு உயரமாகத் தூக்கினாலும் அது வெறும் கைதான்.

“நான் வர்றேன் மாமா” என்றார் மாப்பிள்ளை.

வாசலில் அம்மா எதிர்ப்பட்டாள். இரண்டு கையிலும் பை, தலையில் ஒரு பிளாஸ்டிக் உறை.

“என்ன மாப்பிள்ளை, வெளிய வந்துட்டீங்க? உள்ள வாங்க, எல்லாம் தயாரா இருக்கு. சூடு பண்ண வேண்டியதுதான்.”

“இன்னொரு நாள் அத்தை.”

“இன்னொரு நாளா? செஞ்ச சாப்பாட்டை யாரு சாப்பிடறது? ஏங்க, மாப்பிள்ளையைக் கூப்பிடுங்க.”

யாரும் கூப்பிடவில்லை. அவர் தூறலில் நடந்தே போனார். வேன் இல்லாத வியாபாரி தெருவில் கொஞ்சம் சின்னதாகத் தெரிந்தார்.

அதற்கப்புறம்தான் அவள் சொன்னாள். வெகு நேரம் கழித்து எல்லாம் இல்லை. அம்மா பைகளைக் கீழே வைப்பதற்குள் சொல்லிவிட்டாள். அவ்வளவு குறுகிய தாமதம்.

“அப்பா, உள்ள திருப்பினது நான். அவர் வந்துதான் வெளிய திருப்பிவிட்டாரு.”

சொட்டு சார் மகளையே பார்த்தார். பிறகு தொட்டியைப் பார்த்தார். பிறகு, காரணம் இல்லாமல், தன்னுடைய செருப்பில்லாத காலைப் பார்த்தார்.

“நீ ஏம்மா திருப்பினே?”

“தண்ணி வீணாப் போகுதேன்னு.”

“முதல் மழையை விட்டுடணும்னு உனக்குத் தெரியாதா?”

“யாரு சொன்னா?”

அவர் ஊரில் எத்தனையோ முற்றங்களில் நின்று சொல்லியிருக்கிறார். முதல் மழை கூரைக்கு, அடுத்தது குடத்துக்கு என்று கைவிரலை ஆட்டிச் சொல்வார். கேட்பவர்கள் தலையாட்டுவார்கள். சற்று முன்னால்கூட ஒரு புது வீட்டில் சொல்லிவிட்டுத்தான் வந்தார். இந்த முற்றத்தில் சொன்னதாக அவருக்கு நினைவு வரவில்லை. யோசித்துப் பார்த்தார், அப்போதும் வரவில்லை.

அம்மாதான் பேசினாள். கத்தவில்லை. ஈரத் தலையைத் துவட்டிக்கொண்டே, கடைக்காரரிடம் பழம் அழுகியிருப்பதைக் காட்டும் குரலில் பேசினாள்.

“இத்தனை வருஷமா முதல் மழைக்கு அந்தக் குழாய் பக்கத்துல நிக்கிறது யாருன்னு நினைச்சுக்கிட்டிருக்கீங்க? தானாவா திரும்புது? முதல் மழை அன்னைக்கு உங்களுக்கு இந்த வீடு எந்தத் தெருவுல இருக்குன்னே தெரியாது. அவளுக்கு நீங்க சொல்லியிருப்பீங்கன்னு நான் இருந்துட்டேன். நான் சொல்லியிருப்பேன்னு நீங்க இருந்துட்டீங்க.”

“நான் அப்படிப் பேசியிருக்கக் கூடாது.”

“என்ன பேசினீங்க?”

மகள் சொன்னாள். கடைசி வரியையும் விடாமல் சொன்னாள். அம்மா துவட்டுவதை நிறுத்திவிட்டு, மேஜையில் கவிழ்த்து வைத்திருந்த தட்டுகளை ஒவ்வொன்றாக எடுத்து அலமாரியில் அடுக்கினாள்.

ஆய்வுக்கூடத்து அம்மா சொன்ன நேரத்துக்கு வந்துவிட்டார். ஐஸ் பெட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டு வரும் அந்த மெலிந்த பெண்மணிக்கு இந்த வீடு பழக்கம். கூடவே வானொலியும், தன் ஒலிபரப்பின் பலன் என்ன என்று தெரிந்துகொள்ள, கைக்குடையோடு வந்து நின்றார். விஷயத்தை மோப்பம் பிடித்ததும் சொட்டு சாரை ஓரமாகத் தள்ளிக்கொண்டு போனார்.

“சார், இதுக்குப் போய் முகத்தைத் தொங்கப்போட்டா எப்படி? மாப்பிள்ளை வீட்டுல இல்லாத தண்ணியா? ஒரு கேனைக் கொண்டுவரச் சொல்லி ஒரு வாளியில ஊத்துங்க. இதுதான் தொட்டித் தண்ணின்னு நீட்டுங்க. பாட்டில்ல போன பிறகு எந்தத் தண்ணிக்குச் சார் பேர் எழுதியிருக்கு?”

“நீங்க வீட்டுக்குப் போங்க.”

“நல்லதுக்குத்தானே சொல்றேன். பள்ளிக்கூடத்துப் பிள்ளைங்களுக்காக.”

“போங்கன்னு சொன்னேன்.”

சொட்டு சாருக்கு ஆசை இல்லாமல் இல்லை. அவர் வீட்டு வாசலில் சற்று நின்றார். எத்தனை வருட அலைச்சல், எத்தனை அலுவலக மரப்பெஞ்சுகள். கையெட்டும் தூரத்தில் ஒரு பொய், அதுவும் சுத்தமான பொய், வடிகட்டி அடைத்த பொய். உள்ளே போனார்.

“தள்ளிப்போட முடியாதாம்மா?”

“திங்கட்கிழமை குழு கூடுது சார். இன்னைக்கு எடுத்தாதான் அறிக்கை வரும். இல்லேன்னா அடுத்த வருஷம்தான் பேச முடியும்.” அவர் தொட்டிக்குள் எட்டிப் பார்த்துவிட்டு நிமிர்ந்தார். “என்ன சார் இது, இப்படி இருக்கு? என்ன ஆச்சு?”

“முதல் மழையை உள்ள விட்டுட்டோம்.”

“நீங்களா?”

“நான்தான்” என்றார் சொட்டு சார். மகள் ஏதோ சொல்ல வந்தாள். அவர் கையமர்த்தினார்.

“எடுத்துக்குங்கம்மா.”

அந்தப் பெண்மணி கையுறை மாட்டிக்கொண்டு, கயிற்றில் கட்டிய பாட்டிலை இறக்கி, நிரப்பி, மூடி, ஐஸ் பெட்டியில் வைத்தார். இந்த வேலையை எத்தனையோ தடவை அவர் இந்த முற்றத்தில் செய்திருக்கிறார். முடிந்ததும் வழக்கமாகத் தேநீர் குடிப்பார். இன்று யாரும் கேட்கவில்லை, அவரும் காத்திருக்கவில்லை.

வெளிச்சம் இருக்கும்போதே மகளைப் பின்னால் உட்காரவைத்துக்கொண்டு மாப்பிள்ளையின் கிடங்குக்கு ஸ்கூட்டரை விட்டார் சொட்டு சார். அப்பாவின் சட்டையை எங்கே பிடித்துக்கொள்வது என்று அவளுக்கு ஒரு நிமிடம் தெரியவில்லை.

கிடங்கில் கேன்கள் கூரை வரை அடுக்கியிருந்தன. மின்விசிறி சத்தத்துக்கு நடுவே மாப்பிள்ளை விற்பனைச் சீட்டு எழுதிக்கொண்டிருந்தார். இருவரையும் பார்த்ததும் எழுந்து நின்றார். தன் நாற்காலியைத் துடைத்து மாமனாருக்குப் போட்டார். மின்விசிறியை அவர் பக்கம் திருப்பினார். கடை ஆளைக் கூப்பிட்டு, “மூணு டீ சொல்லுப்பா” என்றார்.

“டீ வேண்டாம் மாப்பிள்ளை. நான் உட்காரவும் வரல.” சொட்டு சாருக்கு மேடையில் வார்த்தைக்குத் தட்டுப்பாடு வந்ததே கிடையாது. இங்கே ஒவ்வொன்றாகத் தேடி எடுக்க வேண்டியிருந்தது. “நீங்க செஞ்சது சரி. தப்பாப் பேசினது நான். அந்தக் கடைசியாப் பேசினேனே, அதை மனுஷன் பேசுவானா? மன்னிச்சுடுங்க.”

“ஐயோ, மாமா, நீங்க பெரியவங்க. நீங்க போய் இப்படியெல்லாம் சொல்லலாமா? பதட்டத்துல ஒரு வார்த்தை. அதோட முடிஞ்சுது.”

“அப்ப நாளைக்கு ஒரு வாய் சாப்பிட வாங்க.”

“கண்டிப்பா மாமா. ஒரு நாள் வர்றேன். சோதனை என்ன ஆச்சு?”

“எடுத்துட்டுப் போனாங்க. தேறாது.”

“அடடா. தொட்டியை இறைக்க பம்பு வேணும்னா சொல்லுங்க. ஆள் அனுப்பறேன்.”

அந்தப் பேச்சில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. அதுதான் குறை. கடை வைத்திருக்கிற யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்: சண்டை போட்டுக்கொண்டு இறங்கிப் போகிற வாடிக்கைக்காரர் திரும்பி வருவார். சிரித்த முகத்தோடு, “பார்க்கலாம்ணே” என்று கைகூப்பிப் போகிறவர் வேறு கடை பார்த்துவிட்டார். ஆள் அனுப்பறேன் என்றுதான் மாப்பிள்ளை சொன்னார். வர்றேன் என்பது ‘ஒரு நாள்’ என்ற சொல்லுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டிருந்தது.

சொட்டு சாருக்குக் கணக்கு வழக்கு தெரியாதுதான். ஆனாலும் கிடைத்த மன்னிப்பில் எடை இல்லை என்பது தெரிந்தது. கொடுத்தவரைக் குறை சொல்லவும் முடியாது. “நீங்க ரெண்டு பேரும் பேசுங்க. நான் வெளிய வண்டிகிட்ட இருக்கேன்” என்று சொல்லிவிட்டுத் தோள் தளர்ந்து வெளியே நடந்தார்.

அவள் கணவரின் மேஜைக்கு அருகே வந்தாள்.

“அப்பாகிட்ட எல்லாத்தையும் சொல்லிட்டேங்க. உடனே சொல்லிட்டேன். நீங்க தெருமுனை திரும்பியிருக்கக்கூட மாட்டீங்க.”

“அப்படியா.”

“அவர் வந்து மன்னிப்புக் கேட்டுட்டாரில்ல. இன்னும் என்ன கோபம்?”

“அவர்மேல எனக்கு என்ன கோபம்?” விற்பனைச் சீட்டுகளைத் தட்டி நேராக்கினார். ஏற்கெனவே நேராகத்தான் இருந்தன. “அவருக்கு என்னைப் பிடிக்காதுன்னு ஊருக்கே தெரியும். பிடிக்காதவன் கையில குழாயைப் பார்த்தா அப்படித்தான் தோணும். அவர் தெரியாமப் பேசினாரு.”

“அப்புறம் என்ன?”

“நீ தெரிஞ்சே பேசாம இருந்தே.”

அவளுக்குப் பதில் இருந்தது. பயம், அப்பாவின் குரல், நாக்கு ஒட்டிக்கொண்டது, ஆறட்டும் என்று நினைத்தது. எல்லாமே உண்மை. வரிசையாகச் சொல்லவும் முடியும். எதைச் சொன்னாலும் அந்த நிலைப்படியில் அவர் தலையைத் திருப்பிக் காத்திருந்த அந்த நேரத்துக்கு அது ஈடாகாது என்பதும் தெரிந்தது.

“உன்னைப் பார்த்தேன்” என்றார் அவர். “நீ கீழ பார்த்துக்கிட்டிருந்தே.”

வெளியே ஸ்கூட்டர் ஒரு தடவை உறுமி அணைந்தது. அப்பா கிளம்பச் சொல்கிறாரா, சும்மா சாவியைத் திருகிப் பார்க்கிறாரா என்று தெரியவில்லை.

கடை ஆள் டீ கிளாஸ்களோடு வந்தான். ஒருவரும் கை நீட்டாததால் கேன் ஒன்றின்மேல் வைத்தான். மழை மறுபடி வலுக்கும் போலிருந்தது. கொக்கிக் கம்பியை எடுத்து ஷட்டரில் மாட்டிக்கொண்டு, முதலாளியையும் முதலாளியின் மனைவியையும் மாறி மாறிப் பார்த்தான்.

“அண்ணே, அண்ணி அவங்க அப்பாகூடக் கிளம்பறாங்களா, இருக்காங்களா? தெரிஞ்சா ஷட்டரைப் பாதி இறக்கிடுவேன். சாரல் அடிக்குது.”

அவர் அவளைப் பார்க்கவில்லை. அவள் அவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். கம்பியைத் தூக்கிப் பிடித்தபடி கடை ஆள் நின்றுகொண்டிருந்தான்.